ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: பேங்க் கணக்கு, ரயில் டிக்கெட் பற்றி உதவி தேவை

கார்த்திகை_மழை

எல்லாருக்கும் வணக்கம். இந்த அக்டோபரில் எக்ஸ்சேஞ்ச் மாணவியாக ஒரு செமஸ்டருக்கு ஆஹன் போகிறேன். மொழி வகுப்பு முன்னாடியே ஆரம்பிப்பதால் செப்டம்பர் 14 அன்றே ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கிவிடுவேன். விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் (செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட முன்கூட்டியே போட்டு வைக்கும் கணக்கு) மாதம் 992 யூரோ வீதம் ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ போட்டாயிற்று. அதைப் புரட்டுவதற்கே வீட்டில் பெரிய பாடு, அதனால் "அதான் அங்கே பணம் இருக்கிறதே, கையில் கொஞ்சம் போதும்" என்று அப்பா சொல்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் எதிர்த்துச் சொல்லவும் எனக்கு விவரம் தெரியவில்லை.

என் கேள்விகள்: அந்தப் பணம் எப்போது கைக்கு வரும்? அதுவரைக்கும் எவ்வளவு எடுத்துக்கொண்டு போக வேண்டும், எப்படி? எந்த மாதிரி பேங்க் கணக்கு? அப்புறம் விமான நிலையத்தில் இருந்து ஆஹன் போக என்ன டிக்கெட், போன பிறகு தினமும் போய்வர என்ன டிக்கெட்? நாடு முழுக்கச் செல்லும் மாத டிக்கெட் ஒன்று இருக்கிறதாமே, அதை முதல் நாளே வாங்கிவிடலாமா?

தனியாக வெளிநாடு போவது இதுதான் முதல் தடவை. விவரமாகச் சொன்னால் அப்பாவிடம் அப்படியே காட்டுவேன்.

ரைன்கரை

வாழ்த்துகள் தங்கச்சி. அப்பாவிடம் முதலில் இதைக் காட்டுங்கள்: பிளாக்டு அக்கவுண்டில் இருப்பது உங்கள் பணம்தான், ஆனால் முதல் மாதச் செலவுக்கு அது உதவாது. அதை நம்பி வந்த எத்தனையோ பேர் மூன்றாவது வாரத்தில் கடன் கேட்டு நிற்பதை இங்கே பார்த்திருக்கிறேன், எனக்கே மனசு கேட்காமல் கொடுத்தும் இருக்கிறேன்.

காரணம் இதுதான். பிளாக்டு அக்கவுண்டுக்காரர்கள் பணத்தை உங்கள் கையில் தர மாட்டார்கள், உங்கள் பெயரில் உள்ள ஒரு சாதாரண நடப்புக் கணக்குக்கு, இங்கே ஜீரோகோன்டோ என்பார்கள், அதற்கு மாதாமாதம் அனுப்புவார்கள். அந்தக் கணக்கைத் திறக்கப் பல வங்கிகள் முகவரிப் பதிவுச் சான்று கேட்கும். அந்தப் பதிவுக்குப் பெயர் ஆன்மெல்டுங். வீட்டுக்குள் குடிவந்த 14 நாளுக்குள் நகர அலுவலகத்தில் போய்ச் செய்ய வேண்டும் என்பது சட்டம், அதற்கு வீட்டுக்காரரோ விடுதியோ கையெழுத்துப் போட்டுத் தரும் படிவம் ஒன்று வேண்டும். சும்மா போய் வரிசையில் நிற்க முடியாது, பெரும்பாலும் அப்பாயின்ட்மென்ட் எடுக்க வேண்டும், செப்டம்பர் அக்டோபரில் எல்லா மாணவரும் ஒரே நேரத்தில் வந்து இறங்குவதால் அது சுலபத்தில் கிடைக்காது. ஆக வீடு, பிறகு பதிவு, பிறகு வங்கி, பிறகு கார்டும் ரகசிய எண்ணும் தபாலில், அதற்குப் பிறகுதான் பிளாக்டு பணம். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே மூன்று நான்கு வாரம் ஓடிவிடும். எனக்கு ஆறு வாரம் ஆனது.

அந்த வாரங்களில்தான் பெரிய செலவெல்லாம் வரும். முதல் மாத வாடகை, வீட்டு முன்பணம் (சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம், மாணவர் விடுதியில் பொதுவாக அவ்வளவு கேட்பதில்லை), பல்கலைக்கழக செமஸ்டர் கட்டணம், போர்வை தலையணையில் இருந்து பாத்திரம் வரைக்கும். அதனால் பிளாக்டு அக்கவுண்டைத் தவிர 1,500 முதல் 2,000 யூரோ வரை நீங்கள் உடனே எடுக்கக்கூடிய மாதிரி இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அத்தனையையும் நோட்டாகக் கொண்டுவர வேண்டாம். 300, 400 யூரோ நோட்டாக, மீதி ஊரிலேயே யூரோ ஏற்றிக்கொண்டு வரும் ஃபாரெக்ஸ் கார்டில். ஊர் வங்கியின் டெபிட் கார்டு ஒன்றும் கூடவே இருக்கட்டும்.

அந்த டெபிட் கார்டில் ஒரு விஷயம். 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே ஆப்பில் போய்த் திறந்துவிட வேண்டும். ஊரில் இருக்கும்போதே செய்யுங்கள். ஊர் சிம்மையும் விட்டுவிடாதீர்கள், சின்ன ரீசார்ஜில் உயிரோடு வைத்து ரோமிங்கில் ஓடிபி வருமாறு செய்துகொள்ளுங்கள். என் அறைத் தோழன் புறப்படும் நாளில் அந்த எண்ணைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்தான். வாடகை கட்ட வேண்டிய இரவில் அந்தத் தம்பி பரீட்சை முடிந்து போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறான், இங்கே இவன் ஓடிபி திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

ஏடிஎம்மில் கார்டைப் போட்டதும் ஒரு திரை வரும்: "இவ்வளவு ரூபாய் எடுக்கப்படும், இந்த மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா" என்று. ரூபாயில் பார்த்ததும் நமக்கு ஒரு நிம்மதி, கை தானாகப் பச்சைப் பொத்தானுக்குப் போகும். அழுத்தாதீர்கள். அது அந்த ஏடிஎம்காரர் வைத்த விகிதம், அநேகமாக எப்போதும் நமக்கு நஷ்டம். மாற்றம் வேண்டாம், யூரோவிலேயே எடு என்பதைத் தேடி அழுத்துங்கள். "ஓனே உம்ரெஷ்னுங்" என்று எழுதியிருக்கும். கடையில் கார்டு தேய்க்கும் கருவியிலும் இதே கேள்வி வரும், அதே பதில்தான்.

எந்த வங்கி என்றால், கிளை உள்ள வங்கி, ஆப் மட்டும் உள்ள வங்கி என்று இரண்டு வகை. ஆறே மாதம் இருக்கப்போகிறீர்கள் என்பதால் ஆப் வங்கி வேகமாக முடியும் என்று பலர் சொல்வார்கள். ஆனால் அடையாளச் சரிபார்ப்பு வீடியோ அழைப்பில் நடக்கும், எல்லா வங்கியும் நம் பாஸ்போர்ட்டை வீடியோவில் ஏற்பதில்லை, நான் முயன்ற ஒன்று கடைசிக் கட்டத்தில்தான் அதைச் சொன்னது. அப்படி ஆனால் தபால் நிலையத்தில் பாஸ்போர்ட்டை நேரில் காட்டிச் சரிபார்க்கும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால் மாணவர் கணக்கை இலவசமாகத் தரும் ஒரு கிளை வங்கிக்கே போவேன். ஷ்பார்காசே போன்ற இடங்களில் சிக்கல் வந்தால் எதிரே உட்கார்ந்து பேச ஒரு ஆள் இருப்பார், கூடவே ஜீரோகார்டும் கிடைக்கும். சின்னக் கடைகளில் சிலது அந்த உள்நாட்டு கார்டையும் நோட்டையும் மட்டும்தான் வாங்கும், விசா கார்டை நீட்டினால் தலையை ஆட்டிவிடுவார்கள். எந்த வங்கியும் கணக்கு தர மறுத்தால் பயப்பட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சட்டப்படி தங்கியிருக்கும் யாருக்கும் ஓர் அடிப்படைக் கணக்கு தர வேண்டும் என்று 2016 முதல் இங்கே சட்டம் இருக்கிறது. அதன் பெயர் பாஸிஸ்கோன்டோ. அந்த வார்த்தையைச் சொல்லி விண்ணப்பப் படிவம் கேளுங்கள், பத்து வேலை நாளுக்குள் அவர்கள் திறக்க வேண்டும்.

ரயில் விஷயம் எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லை, பெரும்பாலும் சைக்கிள்தான். வேறு யாராவது சொல்லுங்கள்.

பச்சைப்பெட்டி

அண்ணா சொன்னது எல்லாம் சரி. இரண்டே விஷயம் சேர்க்கிறேன், இரண்டும் பெயரைப் பற்றியது.

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும், சிலருக்கு அப்பா பெயர் இருக்கும். இங்கே எல்லாப் படிவத்திலும் குடும்பப் பெயர் கட்டாயம். எனக்கு என்ன ஆயிற்று என்றால் பல்கலைக்கழகத்தில் இனிஷியலோடு, பிளாக்டு அக்கவுண்டில் அப்பா பெயரோடு, வங்கியில் என் பெயரே இரண்டு தடவை என்று மூன்று இடத்தில் மூன்று பேராக இருந்தேன். பிளாக்டு அக்கவுண்டுக்காரர்கள் "இந்த வங்கிக் கணக்கு உங்களுடையதாகத் தெரியவில்லை" என்று பணம் அனுப்ப மறுத்துவிட்டார்கள். அதைச் சரிசெய்யவே ஒரு மாதம். 2025 அக்டோபரில் இருந்து இது இன்னும் இறுகிவிட்டது. யூரோவில் பணம் அனுப்பும்போது நீங்கள் எழுதிய பெயரும் அந்த ஐபேன் எண்ணுக்கு (இங்கே வங்கிக் கணக்கு எண்) உரியவர் பெயரும் ஒன்றுதானா என்று வங்கி பார்த்து, பொருந்தாவிட்டால் அனுப்புபவருக்கு எச்சரிக்கை காட்டும். அதனால் இப்போதே பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் எந்தக் கட்டத்தில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்து அதே வரிசை, இனிஷியலே இல்லாமல், எல்லா இடத்திலும் எழுதுங்கள். ஏற்கெனவே எங்கேயாவது மாறியிருந்தால் ஊரில் இருக்கும்போதே எழுதிக் கேட்டுத் திருத்திவிடுங்கள், இங்கே வந்து திருத்துவது ரொம்பக் கஷ்டம்.

இரண்டாவது, தபால் பெட்டி. இங்கே தபால்காரர் வீட்டு எண்ணைப் பார்த்துப் போடுவதில்லை, பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். உங்கள் பெயர் அதில் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கி கார்டு ஒரு கடிதத்தில் வரும், ரகசிய எண் தனிக் கடிதத்தில் வரும், வரி அடையாள எண் இன்னொன்று, இன்சூரன்ஸ் கார்டு வேறு. என் பெட்டியில் எனக்கு முன்னால் இருந்த பெண்ணின் பெயர்தான் இருந்தது. வெள்ளைத் தாளில் நீல மையால் எழுதி டேப் ஒட்டிய சின்னச் சீட்டு, தினமும் அதைக் கடந்துதான் மாடி ஏறினேன், ஒரு நாளும் யோசிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து வங்கியில் போய்க் கேட்டபோது கார்டு அனுப்பித் திரும்பி வந்துவிட்டது என்றார்கள். மறுபடி ஆரம்பத்தில் இருந்து. சாவி வாங்கிய அன்றே, சாமான் பெட்டியைப் பிரிக்கும் முன்னாலேயே, பெயரை ஒட்டிவிடுங்கள் ப்ளீஸ்.

நடுநிசி_ரயில்

ரயில் பக்கம் நான் சொல்கிறேன். ஐந்து வருஷமாக இங்கே ரயிலில்தான் வாழ்க்கை, முதலில் மியூனிக், இப்போது கொலோன்.

நீங்கள் கேட்கும் மாத டிக்கெட்டின் பெயர் டாய்ச்லான்ட் டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கினார்கள், 2025-இல் 58 ஆனது, 2026 ஜனவரியில் இருந்து 63. நாடு முழுக்க டவுன் பஸ், டிராம், மெட்ரோ, எஸ்-பான் என்ற புறநகர் ரயில், வட்டார ரயில் எல்லாவற்றிலும் ஏறலாம். ஐசிஇ, ஐசி மாதிரி தொலைதூர ரயிலில் செல்லாது. போர்டில் ரயில் எண்ணுக்கு முன்னால் ஆர்இ, ஆர்பி, எஸ் என்று இருந்தால் ஏறுங்கள், ஐசி என்று தொடங்கினால் தள்ளி நில்லுங்கள். அவசரத்தில் இது கண்ணில் படாது, நிதானமாகப் பாருங்கள்.

ஆனால் முதல் நாளே வாங்காதீர்கள்! உங்கள் தேதியைப் பார்த்ததும் எனக்கு அதுதான் உறுத்தியது. இது மாத டிக்கெட் மாதிரி தெரியும், உண்மையில் சந்தா. ஒரு மாதத்தோடு நிற்க வேண்டுமென்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். நீங்கள் வந்து இறங்குவதே 14. அன்றைக்கு வாங்கினால் செப்டம்பருக்கு ரத்து செய்யும் காலம் ஏற்கெனவே போயிருக்கும், அக்டோபருக்கும் சேர்த்துக் கட்ட நேரிடும். அக்டோபர் 1-இல் குளிர்கால செமஸ்டர் தொடங்குகிறது, அன்றிலிருந்து அநேகமாக உங்களுக்கு மாணவர் டிக்கெட் வந்துவிடும். பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்துக்குள்ளேயே இதே டிக்கெட்டின் மாணவர் வடிவம் அடங்கியிருக்கிறது, விலை 60 சதவீதம், மாதம் 37.80 யூரோ. ஆக அக்டோபருக்கு இரண்டு டிக்கெட் வைத்திருப்பீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்துக்கு இன்றே மெயில் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கும் இது உண்டா, எந்தத் தேதியில் இருந்து.

நடுவில் இருக்கும் அந்தப் பதினேழு நாளுக்கு இரண்டு வழி. ஊரில் இருக்கும்போதே, செப்டம்பர் மாதத்துக்கென்று கிரெடிட் கார்டு ஏற்கும் ஒரு விற்பனையாளரிடம் வாங்கி 10-ஆம் தேதிக்குள்ளேயே ரத்தும் செய்துவிடுவது, மாதக் கடைசி வரை அது செல்லும். 63 யூரோ. இல்லாவிட்டால் ஆஹன் நகரத்துக்கு மட்டும் வார டிக்கெட். ஆஹனில் டிராம் கிடையாது, எல்லாம் பஸ்தான், ஊரும் சின்னது. விடுதியில் இருந்து வகுப்புக்கு நடக்கும் தூரம் என்றால் அந்த மாதம் எந்த டிக்கெட்டும் வாங்காமல் தேவைப்படும் அன்றைக்கு மட்டும் எடுங்கள். தாள் டிக்கெட் என்றால் பல இடங்களில் அதை இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் கையில் இருந்தாலும் டிக்கெட் இல்லாத கணக்குத்தான், அபராதம் 60 யூரோ. போனில் டிக்கெட் இருந்து சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றாலும் முதலில் அதே 60 யூரோவுக்குச் சீட்டு எழுதிவிடுவார்கள். ஆனால் உங்கள் பெயரில் உள்ள டிக்கெட்டை ஒரு வாரத்துக்குள் காட்டினால் 7 யூரோவுக்கு மேல் வாங்க மாட்டார்கள். அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிக்கெட்டோடு போட்டோ உள்ள அடையாள அட்டையும் காட்டச் சொல்வார்கள்.

விமான நிலையத்தில் இருந்து: ஃப்ராங்க்ஃபர்ட்டில் இரண்டு ரயில் நிலையம் இருக்கிறது, இரண்டும் டெர்மினல் ஒன்றின் பக்கம். ஃபெர்ன்பான்ஹோஃப் தொலைதூரத்துக்கு, ரெகியோனால்பான்ஹோஃப் வட்டார ரயிலுக்கு. தொலைதூர நிலையத்தில் இருந்து கொலோன் ஐசிஇயில் ஒரு மணி நேரம், அங்கே மாறி ஆர்இ1 அல்லது ஆர்இ9 பிடித்தால் ஆஹன் இன்னொரு மணி நேரம். மலிவான ஐசிஇ டிக்கெட்டுக்கு ஷ்பார்ப்ரைஸ் என்று பெயர், அது அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான். உங்கள் விமானம் தாமதமானால் ரயில்காரர்கள் பொறுப்பில்லை, டிக்கெட் போனது போனதுதான். அதனால் விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் நடுவில் குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். விமான டிக்கெட்டோடு ரயிலையும் சேர்த்துத் தரும் ரெயில் அண்ட் ஃப்ளை இருக்கிறதா என்று உங்கள் ஏஜென்ட்டிடம் கேட்டுப் பாருங்கள், அதில் குறிப்பிட்ட ரயில் என்ற கட்டுப்பாடு கிடையாது, இரண்டு பெட்டியோடு வரும் ஆளுக்கு அது பெரிய நிம்மதி. வட்டார ரயிலிலேயே கோப்லென்ஸ் வழியாக ரைன் ஆற்றை ஒட்டியும் போகலாம். மலையும் கோட்டையுமாக அவ்வளவு அழகான வழி, ஆனால் அதை வேறொரு நாள் வெறுங்கையோடு போங்கள்.

தாமதம் இங்கே சகஜம். ரயில்காரர்களால் 60 நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடம் என்றால் பாதி திரும்பக் கிடைக்கும், ஆப்பிலேயே கேட்கலாம். போய்ச் சேர 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் ஷ்பார்ப்ரைஸ் டிக்கெட்டிலும் அடுத்த ரயிலில் ஏறலாம், இது நிறையப் பேருக்குத் தெரியாமல் புது டிக்கெட் வாங்குகிறார்கள்.

ஒன்றே ஒன்று மறக்காமல் பார்க்க வேண்டியது, ரயில் நடுவழியில் பிரியும். மியூனிக்கில் இருந்து டெகர்ன்ஸே ஏரிக்கு முதல் தடவை போனபோது கூட்டமில்லாத பெட்டியாகப் பார்த்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். ஹோல்ட்ஸ்கிர்ஹன் நிலையத்தில் வண்டி வெகுநேரம் நின்றது, ஒரு குலுக்கல், ஏதோ அறிவிப்பு, பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி மட்டும் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கி முன்பக்கமாக ஓடினார். நான் அசையவில்லை. அரை மணி கழித்து ஏரி வந்தது, ஆனால் அது ஷ்லியர்ஸே, வேறு ஏரி. பெட்டியின் கதவுக்கு மேலேயோ பக்கவாட்டிலோ அந்தப் பெட்டி எங்கே போகிறது என்று எழுதியிருக்கும். நடைமேடைப் பலகையை மட்டும் நம்பாமல் அதையும் படித்துவிட்டு ஏறுங்கள்.

கார்த்திகை_மழை

அண்ணா, அக்கா எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவிடம் காட்டினேன், இரண்டு தடவை படித்தார், 1,500 யூரோவுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லிவிட்டார். பாஸ்போர்ட்டைப் பார்த்தால் எனக்குக் குடும்பப் பெயர் கட்டம் காலி. பிளாக்டு அக்கவுண்டில் அப்பா பெயர் சேர்த்திருக்கிறார்கள்! இன்றே எழுதுகிறேன். ஊரில் இருந்து அனுப்பும் பணத்துக்கு வரி பிடிப்பார்களா? அப்புறம் ஆறு மாதம் முடிந்து திரும்பும்போது கணக்கை எப்போது மூட வேண்டும்?

மூன்றாம்_மாடி

2025 ஏப்ரலில் இருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை வெளிநாட்டுக்கு அனுப்பினால் டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி) பிடிப்பதில்லை, உங்கள் தொகை அதற்குள்தான் வரும். அதற்கு மேல் போய் பிடித்தாலும் அப்பா வருமான வரிக் கணக்கு காட்டும்போது கழித்துக்கொள்ளலாம். வங்கியில் அனுப்பும்போது காரணம் கல்வி என்றே எழுதச் சொல்லுங்கள்.

கணக்கை விமானம் ஏறும் முன்னால் மூடாதீர்கள். வீட்டு முன்பணம் அறையைக் காலி செய்த அன்றே வராது, மீட்டர் கணக்கெல்லாம் பார்த்துவிட்டுச் சில மாதம் கழித்து வரும், வருவதற்கு இங்கே ஒரு கணக்கு இருக்க வேண்டும். என்னோடு இருந்த ஒரு பெண் கடைசி வாரத்திலேயே மூடிவிட்டுப் போனாள், 600 யூரோவை வாங்க அரை வருஷம் மெயில் எழுதிக்கொண்டிருந்தாள். முதலில் தானாகப் பிடிக்கும் சந்தாக்களை எல்லாம் நிறுத்துங்கள். இன்சூரன்ஸ், போன், ஜிம், அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டும் ரேடியோ டிவி கட்டணம் மாதம் 18.36 யூரோ (பகிர்ந்த வீடு என்றால் ஒருவர் கட்டினால் போதும், நீங்கள் தனியாகக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம்). ஊர்விட்டுப் போகிறேன் என்று நகர அலுவலகத்தில் சொன்னால் பதிவை நீக்கி ஒரு சான்று தருவார்கள், அதைக் காட்டினால்தான் பாதிப் பேர் சந்தாவை விடுவார்கள். அப்படியும் யாராவது தவறாகப் பணம் எடுத்துவிட்டால், நீங்கள் அனுமதி கொடுத்த பற்றாக இருந்தாலும் எட்டு வாரத்துக்குள் வங்கி ஆப்பிலேயே திருப்பிவிடலாம், அனுமதியே கொடுக்கவில்லை என்றால் 13 மாதம் வரை நேரம் உண்டு. ஆனால் நிஜமாகவே கட்ட வேண்டிய பணத்தைத் திருப்பினால் வசூல் கடிதம் பின்னாலேயே வரும், அதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று. இன்னும் அறை முடிவாகவில்லை என்றால், சாவியைக் காட்டாமல், வீட்டை யாரும் நேரில் பார்க்காமல், முன்பணத்தை அனுப்பச் சொல்லும் யாருக்கும் ஒரு யூரோ கூட அனுப்ப வேண்டாம். இப்போதெல்லாம் பணம் பத்து விநாடியில் போய்விடும், திரும்ப வராது.

கார்த்திகை_மழை

அறை விடுதியில் உறுதியாகிவிட்டது அக்கா. ஒரு சின்னச் சந்தேகம், விடுதித் தபால் பெட்டியில் நாமே பெயர் ஒட்டலாமா, யாரிடமாவது கேட்க வேண்டுமா?

பச்சைப்பெட்டி

சில விடுதிகளில் ஹவுஸ்மைஸ்டர் என்று பராமரிப்பாளர் ஒருவர் இருப்பார், அவரே அச்சடித்த பெயர்ச்சீட்டு போடுவார், ஆனால் அதற்கு நாளாகும். அதுவரை நீங்களே ஒட்டுங்கள், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, மழையில் மை கரையாமல் மேலே டேப் போட்டு. டேப்பை ஊரில் இருந்தே கைப்பையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் இறங்கி மறுநாள் ஞாயிறாக இருந்தால் கடை எதுவும் திறந்திருக்காது.